யந்திரத்துக்கும் மூச்சு வாங்குமா?

மலைநாட்டுப் புகையிரதப் பாதையில் பயணம் செய்தவர்களுக்கு ஓர் அநுபவம் மறவாமல் நிற்கும். பட்டிப்பொலையைக் கடந்ததும் வண்டி 6226 அடி உயரமுள்ள சிகரத்தை எட்டி, ஒரு சுரங்கத்தினுள் நுழைகிறது. நுழையும்போது நுவரெலியாப் பக்கத்து மழையும் குளிரும் நம்முடன் இருக்கின்றன. வெளியே வரும்போதோ வேறோர் உலகம் கண்முன் விரிகிறது. அதுவே ஊவா. ஒகியா நிலையத்தைத் தாண்டி, மலைச் சரிவின் விளிம்பைப் பற்றிக்கொண்டு வண்டி இறங்கி வர, வலப்புறத்தில் பாதாளம் போலத் தெற்குச் சமவெளி தெரிகிறது. அந்த விளிம்பிலே, மலைத் தொடர் சற்றே தாழ்ந்து வழிவிட்ட ஒரு கணவாயில் குந்தியிருக்கிறது அப்புத்தளை.

1893 ஆம் ஆண்டிலே புகையிரதம் இவ்வூரை அடைந்தது. பண்டாரவளைக்கு அது போய்ச் சேர்ந்தது மறு வருடம். பதுளையை எட்டியதோ 1924 ஆம் ஆண்டில்தான். அந்தப் பாதையை வெட்டிய கைகளிலும், சுற்றியுள்ள மலைகளைத் தேயிலைத் தோட்டங்களாக்கிய கைகளிலும் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து வந்த நம்மவர் கைகளே. இன்றும் அப்புத்தளைக் கடைத்தெருவில் இரு நிமிட நேரம் நின்றால் போதும். காதில் விழுவது தமிழ்தான்.

2023 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பல வருடங்களுக்குப் பின் நான் அங்கே சென்றேன். ஒரு காலத்தில் அந்தப் பிரதேசத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கணிதமும் விஞ்ஞானமும் கற்பித்தவன் நான். என்னிடம் படித்த பையன் ஒருவன் விமானியாகித் திரும்பியிருக்கிறான் என்றும், மீண்டும் புறப்படுமுன் என்னைப் பார்க்க விரும்புகிறான் என்றும் செய்தி வந்தது. கொழுந்து கொய்த ஒரு தாயின் மகன் விமானியானான் என்றால், கேட்ட மாத்திரத்தில் வண்டி ஏறாமல் இருக்க முடியுமா?

லயத்துக்குப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய இரண்டு அறை வீடு. தாயார் வாசலுக்கு வந்து வரவேற்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கூடை சுமந்தவர். இப்பொழுது ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய சேமலாப நிதிப் பணமும், கட்டாரில் வேலை செய்யும் மூத்த மகன் அனுப்பிய பணமும், அடகுக் கடைக்குப் போன சங்கிலியும் சேர்ந்துதான் இளையவனை வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்பின. பையன் அனுமதிப்பத்திரம் பெற்றுவிட்டான். இனி, சிறு விமானங்களில் மற்றவர்களுக்குப் பறக்கக் கற்பிக்கும் ஓர் உத்தியோகம் அவனுக்குக் கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் பயணம்.

பையன் தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரத்தில் தாயார் குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, உங்ககிட்டே ஒன்று கேட்கணும். இந்த மலையிலே கூடையோடே ஏறினா நமக்கே மூச்சு வாங்குது. அந்த மெசினுக்கு மூச்சு வாங்காதா? மேலே போய் நின்றுபோச்சுன்னா என்ன செய்வான்? அவன்கிட்டே கேட்டா, 'ஒன்றும் ஆகாதம்மா' என்று சிரிக்கிறான். நீங்க கேட்டு, உள்ளதை உள்ளபடி சொல்லுங்க."

அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. 2020 ஆம் ஆண்டு ஜனவரி 3 ஆந் திகதி, விமானப்படைக்குச் சொந்தமான வை-12 விமானம் ஒன்று அப்புத்தளையிலே விழுந்து, அதிலிருந்த நால்வரும் உயிரிழந்தனர். அது டர்பைன் யந்திரம் பூட்டிய விமானம். நான் இங்கே சொல்லப் போகும் பிஸ்டன் யந்திரங்களின் கதை அதற்குப் பொருந்தாது. ஆனால் ஒரு தாயின் மனம் இந்த யந்திர பேதங்களைப் பார்க்குமா? அன்றிலிருந்து வானில் இரைச்சல் கேட்டால் அவர் வாசலுக்கு வந்து நின்று, சத்தம் ஓயும்வரை அண்ணாந்து பார்ப்பாராம்.

"கேட்டுச் சொல்கிறேன் அம்மா" என்று வாக்களித்தேன்.

மறுநாள் விடியற்காலையில் நானும் பையனும் தம்பேதன்னைக்கு பஸ் ஏறினோம். 1890 இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய சேர் தோமஸ் லிப்டனின் பெயர் அங்கே இன்னமும் வாழ்கிறது. அவர் அமர்ந்து தம் தோட்டங்களை நோக்குவார் என்று சொல்லப்படும் முகடு, தொழிற்சாலையிலிருந்து ஏழு கிலோமீற்றர் ஏற்றத்தில் இருக்கிறது. அங்கே செல்பவர்களுக்கு ஊரார் சொல்லும் புத்திமதி ஒன்றே: வெயில் ஏறுமுன் போய்விடுங்கள், பத்து மணிக்கு மேல் மூடுபனி வந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

பாதிவழியில் நான் நின்றுவிட்டேன். மார்பு ஏறி இறங்கியது. பையன் சிரித்துக்கொண்டே என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். அதுவே நல்ல சமயம் என்று அவனுடைய தாயாரின் கேள்வியை, அவர் கேட்டதாகச் சொல்லாமல், நானே கேட்டேன்.

"சேர், நீங்கள் இப்போது மூச்சு வாங்குகிறீர்களே, அதேதான் யந்திரத்துக்கும்" என்றான் அவன். "ஆனால் நீங்கள் நின்று இளைப்பாறலாம். அது நிற்கக் கூடாது. ஆகவே அதன் சாப்பாட்டை நாங்கள் மாற்றிக் கொடுக்கிறோம்."

மேலே ஏறி, ஒரு பாறையில் உட்கார்ந்து அவன் விளக்கியதை, மாணவரும் குடும்பத்தினரும் விளங்கிக்கொள்ளும் வகையில் இங்கே தருகிறேன்.

நாம் எல்லோரும் காற்றுக் கடலின் அடியில் வாழ்பவர்கள். கொழும்புக் கடற்கரையில் அந்தக் கடலின் முழுப் பாரமும் நம்மீது அமுக்குகிறது. பாரமானியில் இரசம் ஏறத்தாழ 30 அங்குலம் நிற்கும். ஏறத்தாழ 4700 அடி உயரமுள்ள அப்புத்தளையில் அது 25 அங்குலத்துக்குத்தான் நிற்கும். மிகுதிக் காற்று நமக்குக் கீழே கிடக்கிறது. இங்குள்ள குடும்பப் பெண்கள் இதை அறியாமலே அறிவார்கள். இவ்வூரிலே தண்ணீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகையால் பருப்பு வேகக் கூடிய நேரம் பிடிக்கும்.

பிஸ்டன் யந்திரம் காற்றையும் பெற்றோலையும் கலந்து எரித்து, அந்தச் சூட்டினால் வேலை செய்வது. ஓர் இறாத்தல் பெற்றோல் மிச்சமின்றி எரிவதற்கு ஏறத்தாழ 15 இறாத்தல் காற்று வேண்டும். மோட்டார் காருக்கும் இதே கணக்குத்தான். யந்திரத்தின் சிலிண்டர் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு இடத்தைத்தான் நிரப்பிக்கொள்கிறது. கொழும்பில் அந்த இடத்தினுள் அடர்ந்த காற்றுப் புகுகிறது; அப்புத்தளையில் ஐதான காற்றுப் புகுகிறது. காற்றுக் குறைந்தால் எரியக்கூடிய பெற்றோலும் குறையும். பிறக்கும் சக்தியும் குறையும். அமுக்கிக் காற்றூட்டும் கருவி பூட்டாத யந்திரங்கள் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் நூற்றுக்கு மூன்று பங்கு சக்தியை இழக்கும் என்பது விமானிகளின் மனக்கணக்கு.

இது முதற் சங்கடம். இரண்டாவது சங்கடம் நுட்பமானது. காபுரேற்றர் என்னும் கருவி, தன்னூடாக விரையும் காற்றின் இழுவைக்கு ஏற்பப் பெற்றோலை வார்க்கிறது. ஆனால் காற்று ஐதாகிவிட்டதை அது சரிவர உணர்வதில்லை. கடற்கரையில் வார்த்ததற்குக் கிட்டிய அளவையே மலையிலும் வார்க்கிறது. அப்போது கலவையில் காற்றுக்கு மிஞ்சிய பெற்றோல் சேர்ந்துவிடுகிறது. விமானிகள் இதனைச் செறிந்த கலவை என்பர். வீட்டு அடுப்பில் காற்றுப் போகாதபடி விறகை நெருக்கித் திணித்தால் என்ன ஆகும்? நெருப்பு மங்கும், புகை மண்டும். யந்திரத்திலும் அதுவே. கரி படிந்து தீப்பொறிச் செருகிகள் அடைபடும், சக்தி குறையும், எரிபொருளும் வீணாகும்.

இதற்காகவே விமானியின் முன்னே ஒரு சிவப்புப் பிடி இருக்கிறது. அதுவே கலவைப் பிடி. உள்ளே தள்ளினால் பெற்றோல் கூடும். வெளியே இழுத்தால் குறையும். முற்றாக இழுத்தால் யந்திரமே நின்றுவிடும். அதன் அபாயத்தை நினைவூட்டவே அதற்குச் சிவப்பு நிறம்.

"அப்படியானால் எவ்வளவு இழுப்பது?" என்று கேட்டேன்.

"அதில்தான் சேர், எங்கள் தொழில் இருக்கிறது" என்றான்.

ஓர் இறாத்தல் பெற்றோலுக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டரை இறாத்தல் காற்று என்ற அளவில் யந்திரம் மிகக் கூடிய சக்தியைத் தருகிறது. பதினாறு இறாத்தல் அளவில் மிகக் குறைந்த செலவில் ஓடுகிறது. புகை வெளியேறும் குழாயிலே ஒரு வெப்பமானி பூட்டியிருந்தால், கலவையை ஐதாக்க ஆக்க அதன் முள் மேலேறி, ஓர் உச்சத்தைத் தொட்டுப் பின்பு இறங்கும். அந்த உச்சத்தை அடையாளமாக வைத்து, யந்திரம் செய்தவர்களின் கைந்நூல் சொல்லும் பக்கத்தில் பிடியை நிறுத்துவார்கள். வெப்பமானி இல்லாத சிறு விமானத்திலே காதுதான் கருவி. யந்திரம் சற்றே முரண்டு பிடிக்கும்வரை மெல்ல இழுத்து, மறுபடியும் சீராகும்வரை சிறிது தள்ள வேண்டும்.

ஆனால் இந்தச் சிக்கனத்துக்கு ஓர் எல்லையுண்டு. யந்திரம் தன் முழுச் சக்தியோடு உழைக்கும்போது கலவையை ஐதாக்கக் கூடாது. மேலதிகப் பெற்றோல் அப்போது சிலிண்டர்களைக் குளிரச் செய்யும் மருந்தாகவும் இருக்கிறது. அதைக் குறைத்தால் கலவை ஒழுங்காக எரியாமல் சம்மட்டி அடித்தாற்போல் வெடித்து, பிஸ்டனையே உருக்கிவிடக்கூடும். ஆகவேதான் முழுச் சக்தியின் முக்காற் பங்குக்கு மேற்படாமல் ஓடும்போது மட்டுமே சிக்கனக் கலவை என்பது பல கைந்நூல்களின் விதி. உயரமான நிலத்திலிருந்து புறப்படுவது இதற்கு விலக்கு. அங்கே கலவை இயல்பாகவே செறிந்துவிடுவதால், சிறு விமானத்தை நிறுத்தி வைத்து யந்திரத்தை முழுவதும் முடுக்கி, சுழற்சி உச்சத்துக்கு வரும் இடத்திற் பிடியை வைத்துக்கொண்டு புறப்பட வேண்டும். செஸ்னா 152 விமானத்தின் கைந்நூல் 3000 அடிக்கு மேற்பட்ட நிலங்களுக்கு இவ்வாறே விதிக்கிறது.

பையன் வடக்கே கை நீட்டினான். மலைகளுக்கு நடுவே தியத்தலாவைப் பள்ளத்தாக்கு வெயிலில் பச்சைக் கம்பளமாய்க் கிடந்தது. 1900 ஆம் ஆண்டிலே தென்னாபிரிக்காவிலிருந்து போயர் யுத்தக் கைதிகளைக் கொண்டுவந்து வைத்த இடம் அது. இப்போது இராணுவத்தினதும் விமானப்படையினதும் பயிற்சி நிலையங்கள் அங்கே இருக்கின்றன. விமானப்படையின் சிறியதோர் ஓடுபாதையும் உண்டு.

"கடலோரமாக இருக்கும் இரத்மலானையில் எழும்பிய விமானம் அங்கேயும் அதே தூரத்தில் எழும்பிவிடும் என்று நினைப்பவன் கெட்டான்" என்றான் பையன். "வெயில் ஏறி 25 பாகை சூடான பகலில், இந்த மலையிலுள்ள காற்று 7000 அடி உயரத்துக் காற்றுப் போல ஐதாகிவிடும். யந்திரம் ஐந்தில் ஒரு பங்கு சக்தியை இழக்கும். சுழல்விசிறிக்கும் பிடிப்புக் குறையும். சிறகு தூக்குவதற்கோ, நிலத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் கூடிய வேகத்தில் ஓட வேண்டும். மூன்று நட்டமும் ஒரே நேரத்தில் வரும் சேர்!"

இந்த மாணவன் பள்ளியில் விகிதக் கணக்குகளை வெறுத்தவன் என்பது என் நினைவுக்கு வந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

சக்தியை வைக்கும் முறையையும் அவன் கூறினான். சற்றுப் பெரிய விமானங்களில் மூன்று பிடிகள் உண்டு. கறுப்பு நிறத்தது திறொட்டில். சிலிண்டர்களுக்குட் போகும் காற்றை அடக்குவது. நீல நிறத்தது சுழல்விசிறியின் வேகத்தை வைப்பது. சிவப்பு, நாம் சொன்ன கலவைப் பிடி. சக்தியைக் கூட்டும்போது முதலில் கலவை, அடுத்து சுழற்சி, கடைசியாகத் திறொட்டில்; குறைக்கும்போது முதலில் திறொட்டில், பின்பு சுழற்சி. செங்குத்தான ஏற்றத்தில் லொறியை மேற்கியரில் வைத்துக்கொண்டு முடுக்கினால் யந்திரம் திணறுவதை அப்புத்தளை–பெரகலைப் பாதையில் யாரும் கேட்கலாம். குறைந்த சுழற்சியில் அளவு மீறிக் காற்றூட்டினால் விமான யந்திரமும் அவ்வாறே வருந்தும்.

அளவு மீறாத இடத்திலோ இதே ஏற்பாடு பெரிய சகாயமாகிவிடும். நமது இலங்கையிலேயே இதற்கு வியக்கத்தக்க உதாரணம் உண்டு. இரண்டாவது உலக யுத்தத்தில் சிங்கப்பூர் வீழ்ந்தபின், அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்குமிடையே இருந்த ஆகாயத் தொடர்பு அறுந்தது. 1943 இல் குவான்ரஸ் நிறுவனம், காலிக்கு அருகேயுள்ள கொக்கலை வாவிக்கும் பேர்த் நகருக்கும் இடையில் கட்டலினாக் கடல்விமானங்களை ஓட்டத் தொடங்கியது. 5600 கிலோமீற்றர் தூரம். கீழே கடலைத் தவிர வேறொன்றுமில்லை. எதிரிக்குத் தெரியாதிருக்க வானொலியும் மௌனம். ஒவ்வொரு விமானமும் ஏறத்தாழ 2000 கலன் பெற்றோலைச் சுமந்ததால் பிரயாணிகள் மூவருக்கும் சிறிது தபாலுக்குமே இடமிருந்தது. 27 முதல் 33 மணி நேரம் பறந்தார்கள். பிரயாணிகள் வழியிலே இரண்டு சூரியோதயங்களைக் கண்டமையால், 'இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கத்தின்' அங்கத்தவரென்று அவர்களுக்கு நற்சாட்சிப் பத்திரமும் வழங்கப்பட்டதாம்! 1945 ஜூலை வரை 271 தடவை அந்தச் சமுத்திரம் கடக்கப்பட்டது. ஒரு விமானத்தையேனும் அவர்கள் இழக்கவில்லை. வேகத்தில் ஆசை வைக்காமல், குறைந்த சக்தியையும் ஐதான கலவையையும் வைத்து, மணிக்கு மணி பெற்றோலைக் கணக்கிட்டுச் சென்றவர்களுக்கே அது சாத்தியமாயிற்று.

அந்தக் கட்டலினாக்களில் இருந்தது 'ருவின் வாஸ்ப்' என்னும் யந்திரம். அதே இனத்து யந்திரங்களே டக்கோட்டா விமானங்களிலும் இருந்தன. 1947 டிசம்பர் 10 ஆந் திகதி எயர் சிலோன் தனது முதற் பயணத்தை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியதும் டக்கோட்டாவில்தான்.

அத்திலாந்திக் சமுத்திரத்தை 1927 இல் தனியே கடந்து புகழ் பெற்ற லின்ட்பேர்க்கின் கதையும் இத்தகையதே. 1944 இல் அவர் பசிபிக் போர்முனைக்குச் சென்று அமெரிக்க இளம் விமானிகளுடன் பறந்தார். அவர்களெல்லாம் பெற்றோல் தீர்ந்து திரும்பும் வேளையில், அவருடைய தாங்கியில் மாத்திரம் மிச்சம் இருந்தது. சுழற்சியைக் குறைத்து, காற்றழுத்தத்தைக் கூட்டி, கலவையை ஐதாக்குங்கள் என்று அவர் கற்பித்தார். யந்திரம் பழுதாகிவிடுமே என்று அவர்கள் அஞ்சினார்கள். அவரோ யந்திரத்தின் எல்லையை அறிந்து பேசினார். விரைவில் அவர்களும் முன்னிலும் நெடுந்தூரம் போய் வந்தார்கள்.

இவற்றைக் கேட்டுக்கொண்டிருக்கையில் காற்றுத் திசை மாறிற்று. தெற்கே வெள்ளித் தகடு போல மின்னிய உடவளவை நீர்த்தேக்கம் மறைந்தது. பள்ளத்தாக்கிலிருந்து வெண்ணிறப் புகைபோல் எழுந்த மூடுபனி, தேயிலைச் செடிகளை வரிசை வரிசையாக விழுங்கிக்கொண்டு மேலே வந்தது. சில நிமிடத்தில் பக்கத்தில் இருந்த பையனின் முகமே மங்கலாயிற்று. அவன் பேச்சும் நின்றுவிட்டது.

"இந்தப் பனிதான் சேர்" என்றான், சிறிது நேரங் கழித்து. "அம்மாவிடம் நான் சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது."

அவன் பயிற்சி பெற்ற நாட்டில், குளிர்ந்து ஈரமான ஒரு காலை. தன்னந்தனியே பறந்துகொண்டிருந்தான். மழையில்லை; பனிக்கட்டி விழும் குளிருமில்லை; ஏறத்தாழ இந்த அப்புத்தளைக் காலை போலத்தான், பதினைந்து பாகை. யந்திரத்தின் சுழற்சி கொஞ்சங் கொஞ்சமாகக் குறைவதைக் கண்டான். திறொட்டிலைச் சிறிது கூட்டினான். மறுபடியும் குறைந்தது. மறுபடியும் கூட்டினான். பின்பு யந்திரம் இருமத் தொடங்கியது.

நடந்தது இதுவே. காபுரேற்றரின் ஒடுங்கிய தொண்டையிலே காற்று விரைந்து பாயும்போது குளிர்கிறது. அங்கே பெற்றோல் ஆவியாகும்போது இன்னுங் குளிர்கிறது. கையில் ஊற்றிய பெற்றோல் சில்லிடுவது இதனாலேயே. இரண்டும் சேர்ந்து வெப்பநிலையை 20, 30 பாகை அளவுக்குக் கீழே தள்ளிவிடக்கூடும். வெளியே பதினைந்து பாகையென்றால் தொண்டைக்குள் உறைநிலைக்குக் கீழே! காற்றிலுள்ள ஈரம் அங்கே பனிக்கட்டியாகப் படிந்து, யந்திரத்தின் மூச்சுக் குழாயை அடைக்கிறது. கடுங்குளிர் நாட்டைக் காட்டிலும், மிதமான குளிரும் மிகுந்த ஈரமும் உள்ள இத்தகைய மூடுபனியே இவ்விஷயத்தில் கொடியது.

இதற்கு மருந்தும் விமானியின் கைக்கெட்டிய இடத்திலேயே உண்டு. ஒரு பிடியை இழுத்தால், புகைக் குழாயைச் சுற்றிச் சூடேறிய காற்றுக் காபுரேற்றருக்குள் போகும்; பனிக்கட்டி உருகும். ஆனால் மருந்து முதலில் நோயைக் கூட்டுவது போலவே தோன்றும். சூடான காற்று ஐதானது. அதனாற் சக்தி இன்னும் குறையும். உருகிய நீர் சிலிண்டருக்குட் போக, யந்திரம் முன்னிலும் அதிகமாக நடுங்கும்.

"நான் பிடியை இழுத்தேன் சேர். யந்திரம் குலுங்கிய குலுக்கத்தில் பயந்து, திரும்பவும் உள்ளே தள்ளிவிட்டேன். அதுதான் பிழை. கீழே வயல்கள் கிட்டக் கிட்ட வந்துகொண்டிருந்தன. எங்கே இறங்கலாம் என்று பார்த்தேன். அப்போது, 'இழுத்தால் முழுவதும் இழு. இழுத்தபின் கையை எடு' என்று பயிற்சியாசிரியர் சொன்னது நினைவு வந்தது. மறுபடி இழுத்துவிட்டுக் கையை எடுத்துத் தொடையின்கீழ் வைத்துக்கொண்டேன். தள்ளிவிடுவேனோ என்ற பயம்! அரை நிமிடம் இருக்கும். யந்திரம் ஒருமுறை பெரிதாக இருமிற்று. பின்பு சுழற்சி ஏறியது. எனக்கு அழுகை வந்துவிட்டது சேர்."

நான் அவன் தோளைத் தட்டினேன். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பனிக்குள் எங்கேயோ கொழுந்து எடுப்போரின் குரல்கள் மட்டும் கேட்டன.

"இதை அம்மாவிடம் நீயே சொல்" என்றேன்.

"பயந்துவிடுவா சேர்."

"இப்போதே பயந்துதான் இருக்கிறா. எதற்குப் பயப்படுவதென்று தெரியாத பயம் அது. நீ சிரித்து மழுப்புவதால் அது தீராது. நாளைக்கு நீ பிறருக்குக் கற்பிக்கப் போகிறவன். முதலில் உன் தாய்க்குக் கற்பித்துப் பார்."

அவன் பதில் சொல்லவில்லை. இறங்கும் வழியில் இன்னொரு விதியைச் சொன்னான். தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போலிருந்தது. மலைக்கு மேலே சிக்கனமாக வைத்த கலவையைச் சமவெளிக்கு இறங்கும்போது படிப்படியாகச் செறிவாக்க வேண்டும். இங்கிருந்து வீரவிலப் பக்கம் இறங்குவோமானால் காற்று அடிக்கு அடி அடர்ந்துகொண்டே வரும். மேலே சரியாக இருந்த அளவு கீழே பட்டினியாகிவிடும். அதை மறந்து, நிலத்துக்கு அருகே அவசரமாகத் திறொட்டிலைத் தள்ளினால், யந்திரம் சக்தி கொடுக்க மறுக்கும். ஆகவே இறங்குமுன் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்கும் பட்டியலிலே கலவைக்கும் ஓர் இடம் வைத்திருக்கிறார்கள்.

அன்று மாலை அடுப்படியில் உட்கார்ந்து அவன் தாயாரிடம் எல்லாவற்றையும் சொன்னான். அந்தக் காலைச் சம்பவத்தையும் மறைக்கவில்லை. நான் ஒரு மூலையில் ரொட்டியைத் தின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் கையைத் தொடையின்கீழ் வைத்துக்கொண்ட இடம் வந்தபோது, தாயார் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஊதுகுழலைப் பிடித்த கை மட்டும் அசையாமல் நின்றது. கதை முடிந்தபின் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஊதுகுழலைக் கீழே வைத்தார்.

"உங்க அப்பா பெக்டரியிலே இருந்தப்போ இதைத்தான் சொல்வாரு" என்றார். "மழை நாளுக் கொழுந்துக்கு ஒரு சூடு, கச்சான் காற்று நாளுக் கொழுந்துக்கு ஒரு சூடு. எல்லா நாளும் ஒரே சூடு வைச்சா அத்தனையும் பாழ். அப்ப, உன் மெசினும் அப்படித்தானா?"

"அப்படித்தான் அம்மா."

"நாளைப் பார்த்து, இடத்தைப் பார்த்துச் செய்யணும்."

"ஆமாம் அம்மா."

நானும் அவனும் ஒரு பகல் முழுவதும் பேசியதை அந்தத் தாய் அடுப்படியில் இருந்தபடியே இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட கச்சான் காற்று வீசும் பருவத்தில்தான் உலகப் புகழ் பெற்ற ஊவாத் தேயிலையின் தனி மணம் பிறக்கிறது. காற்றின் ஈரத்தை அறிந்து, வாட்டுவதையும் சூடேற்றுவதையும் மாற்றிக் கொடுக்கும் கைகளாலேயே அந்த மணம் கொழுந்தில் நிலைக்கிறது. அத்தகைய வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குக் கலவைப் பிடி புதிய பாடமன்று என்றே எனக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் நான் அப்புத்தளை நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தேன். தாயும் மகனும் வழியனுப்ப வந்திருந்தார்கள். கணவாயினூடாகப் பனி பாய்ந்து வந்து மேடையை மூடிற்று. தாயார் சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டு, என்னிடம், "ஐயா, உள்ளதைச் சொன்னீங்க. பயம் போகல்லே. ஆனா இப்ப என்ன கேட்கிறதுன்னு தெரியுது" என்றார்.

பையன் போய்ச் சேர்ந்தபின் எனக்குக் கடிதம் எழுதியிருந்தான். அம்மா இப்பொழுதெல்லாம் தொலைபேசியில், சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்பே, "அங்கே இன்றைக்குப் பனியா? சூட்டுப் பிடியை முழுசா இழுத்தியா?" என்று கேட்கிறாராம். தன்னிடம் பயிலும் மாணவர்களுக்கும் அவன் அந்தக் கேள்வியையே முதற் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறானாம்.